தலையில் களிமண்ணா?

பாடம் ஏறாத பிள்ளையைப் பார்த்து, "உன் தலையில் இருப்பது மூளையா, களிமண்ணா?" என்று கேட்பது நம் ஊர் வழக்கம். மந்தம் என்றதும் நம்மவருக்குக் களிமண்தான் நினைவுக்கு வருகிறது. ஆனால் மண்ணியல் வல்லுநர் இதனை ஒப்பமாட்டார்கள். மணலும் சரளையும் போட்ட இடத்தில் போட்டபடி கிடக்க, நீரைக் கண்டால் பருத்தும், வெயிலைக் கண்டால் சுருங்கியும், தீயைக் கண்டால் கல்லாக மாறியும் ஓயாது இயங்குவது களிமண்ணே ஆகும். காவிரி வண்டலின்மீது அமைந்த உறையூரில் வாழும் நாம் அதன் இயல்புகளை அறிந்துகொள்வது இன்றியமையாதது. நம் ஊரின் பழம்பெருமைக்குச் சான்று சொல்வதும், நம் பெற்றோர் கட்டும் வீட்டைத் தாங்குவதும் இம்மண் அன்றோ?

களிமண் என்பது யாது?

மண்ணை அதன் துகள் அளவைக்கொண்டு வகுப்பர். 0.075 மி.மீட்டருக்கு மேற்பட்டது மணல், அதற்குக் கீழ்ப்பட்டது வண்டல், 0.002 மி.மீட்டருக்கும் சிறியது களிமண். அதாவது, ஒரு மில்லிமீட்டரை ஐந்நூறு கூறாக்கினால் அதில் ஒரு கூறு! வெறுங்கண்ணால் இதனைக் காண இயலாது.

அளவு மட்டுமன்று, வடிவமும் வேறு. மணல் துகள் உருண்டையும் முரடுமாக இருக்கும். களிமண் துகளோ அப்பளம்போல் தட்டையானது. எனவே அதன் மேற்பரப்பு மிகுதி. கயோலினைட் என்னும் களிமண் கனிமத்தில் ஒரு கிராம் எடுத்து, அதன் துகள்களின் மேற்பரப்பை எல்லாம் கூட்டினால் 10 முதல் 20 சதுர மீட்டர் வரும். மாண்ட்மோரில்லோனைட் என்னும் கனிமத்திலோ அது 800 சதுர மீட்டர் வரை செல்லும். ஏறத்தாழ ஐந்து கைப்பந்து ஆடுகளங்களின் பரப்பு ஒரு சிட்டிகை மண்ணில் அடங்கியிருக்கிறது! இப்பரப்பு முழுவதிலும் மின்னூட்டம் இருப்பதால் நீர் அதில் பற்றிக்கொள்கிறது. களிமண்ணின் எல்லாக் குணங்களுக்கும் இதுவே மூலம்.

நெகிழும் தன்மை

ஈர மணலை உருட்டித் திரியாக்க முயன்றால் உதிர்ந்துவிடும். களிமண் நாம் பிசைந்த உருவத்தில் நிற்கும். இதனை நெகிழும் தன்மை என்பர். நீர் குறைந்தால் களிமண் கெட்டி; சற்றுக் கூடினால் பிசையத்தக்க பதம்; மேலும் கூடினால் ஓடும் குழம்பு. இந்நிலைகளுக்கு இடையே உள்ள எல்லைகளை அளக்கலாம் என்று 1911-ஆம் ஆண்டில் காட்டியவர் சுவீடன் நாட்டு அறிஞர் ஆல்பர்ட் அட்டர்பர்க் ஆவார். இன்றும் உலகெங்கும் பொறியியற் கூடங்களில் மண்ணைச் சிறு திரியாக உருட்டுகிறார்கள். 3 மி.மீ. பருமனில் திரி விரிந்து உதிரத் தொடங்கும்போது அம்மண்ணில் எவ்வளவு நீர் இருக்கிறதோ, அதுவே நெகிழ் எல்லை. நம் குயவர் பெருமக்கள் விரல் நுனியால் பார்க்கும் பதம் இதனோடு தொடர்புடையதே.

நீரைத் தடுக்கும் குணம்

மணலில் நீர் ஊறிச் செல்லும் வேகத்தோடு ஒப்பிட்டால், களிமண்ணில் அது பல இலட்சம் மடங்கு குறைவு. நடவுக்கு முன் உழவர் சேற்றுழவு செய்வது, நிலத்தில் தண்ணீர் கீழிறங்காமல் நிற்பதற்காகவே. இவ்வியல்பின் பெருஞ்சான்று நமக்கு அருகிலேயே உள்ளது. கரிகாற் சோழன் கட்டியதாகப் போற்றப்படும் கல்லணையின் பழைய உட்பகுதி, களிமண்ணில் பதித்த கரடுமுரடான கற்களால் ஆனது என்று பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பொறியாளர்கள் எழுதிவைத்தனர். கல் பாரத்தைத் தந்தது. களிமண் இடுக்குகளை அடைத்தது. மணற்படுகையின்மேல் அமைந்த அவ்வணை இன்றும் பயன் தருகிறது.

தீயில் பெறும் உறுதி

"மண் குதிரையை நம்பி ஆற்றில் இறங்காதே" என்பது பழமொழி. உலர்ந்த மண் குதிரை நீரில் கரையும். ஆனால் ஐயனார் கோயிலில் நிற்கும் சுட்ட குதிரை எத்தனையோ மழையைத் தாங்குகிறது. காரணம் என்ன? வெயிலில் காய்ந்த களிமண், நீர் பட்டால் மீண்டும் குழையும். சூளையில் வெப்பம் சுமார் 500 முதல் 600 டிகிரி செல்சியசை அடையும்போது கனிமத்தின் கட்டமைப்பிலேயே உள்ள நீர் வெளியேறுகிறது. பின்னர் அது களிமண்ணாகத் திரும்புவதில்லை. மண்ணிலுள்ள இரும்பு காற்றோடு சேர்ந்து செந்நிறம் தருகிறது. காற்றுப் புகாத இடத்தில் கருமை ஏறுகிறது.

சென்னைப் பல்கலைக்கழகத் தொல்லியல் துறையினர் 1960-களில் உறையூரில் அகழாய்வு செய்தபோது கறுப்பு சிவப்புப் பாண்டத் துண்டுகளும் தமிழ்ப் பிராமி எழுத்துப் பொறித்த ஓடுகளும் கிடைத்தன. முற்காலச் சோழர் தலைநகரின் மரமும் துணியும் மட்கிப் போயின. சுட்ட களிமண் மட்டும் ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகள் நிலைத்து நின்று நமக்கு வரலாறு சொல்கிறது.

வீட்டைச் சாய்க்கும் குணம்

இனி, களிமண்ணின் கடுமையான பக்கத்தைக் காண்போம். மணலின்மேல் பாரம் ஏற்றினால் அது உடனே அமர்ந்துவிடும். களிமண்ணில் பாரத்தை முதலில் தாங்குவது இடுக்குகளில் உள்ள நீரே. அந்நீர் மெல்ல மெல்லக் கசிந்து வெளியேற, மண் சிறிது சிறிதாக அமர்கிறது. இதற்கு ஆண்டுகள் பல ஆகலாம். களிமண் அடுக்கின் தடிப்பு இருமடங்கானால் அமரும் காலம் நான்கு மடங்காகும்! இத்தாலியில் 1173-இல் தொடங்கிய பைசா கோபுரம் சாய்ந்ததற்கு அடியிலுள்ள மென்மையான மண்ணே காரணம். அது விழுந்துவிடும் என அஞ்சி 1990-இல் மூடினர். உயர்ந்திருந்த பக்கத்தின் அடியிலிருந்து மண்ணைச் சிறுகச் சிறுக எடுத்துச் சாய்வைக் குறைத்து, 2001-இல் மீண்டும் திறந்தனர்.

நம் மாநிலத்தில் பெரிய தொல்லை கரிசல் மண்ணால் வருவது. மழையில் அது வீங்கி வீட்டைத் தூக்கும். கோடையில் சுருங்கிக் கீழே விடும். ஓர் அடித்தளம் முழுவதும் ஒரே அளவாக ஏறி இறங்குவதில்லை. ஆகவேதான் சுவர் பிளக்கிறது. சன்னலின் மூலையிலிருந்து சாய்வாக ஓடும் வெடிப்பு, சித்திரையில் அகன்றும் ஐப்பசியில் குறுகியும் காணப்படுமானால் மண் அசைகிறது என்று ஐயுறலாம். பூச்சு வேலை மட்டும் செய்து அதனை மறைப்பது பயனற்றது. வாழ்நாள் சேமிப்பையும் நகைகளையும் போட்டு எழுப்பிய வீடு ஐந்தாறு ஆண்டுகளில் பிளந்துநிற்பது எத்துணை வேதனை!

இதற்கு வழி உண்டு. நீரும் வெயிலும் எட்டாத ஆழத்தில் அடித்தளம் நிற்க வேண்டும். அடிப்பகுதி குமிழ்போல் அகன்ற காங்கிரீட் தூண்களைச் சுமார் 3.5 மீட்டர் ஆழம்வரை இறக்கிக் கட்டும் முறையை ரூர்க்கியிலுள்ள மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிலையம் வளர்த்தெடுத்தது. மண் வீங்கினாலும் தூக்காதபடி, தூண்களை இணைக்கும் உத்தரத்தின் கீழ் இடைவெளியும் விடுவர்.

நாமே செய்யக்கூடிய சோதனைகள்

1. ஒரு கண்ணாடிப் புட்டியில் மண்ணும் நீரும் இட்டுக் குலுக்கி வையுங்கள். மணல் ஒரு நிமிடத்தில் அடியில் தங்கும். மிகச் சிறிய துகள்களோ பத்து சென்டிமீட்டர் இறங்கச் சுமார் எட்டு மணி நேரம் எடுத்துக்கொள்ளும்.

2. உலர்த்திப் பொடித்த மண்ணை ஒரே அளவாக இரு குழாய்களில் இட்டு, ஒன்றில் நீரும் மற்றொன்றில் மண்ணெண்ணெயும் ஊற்றி ஒரு நாள் வையுங்கள். மண்ணெண்ணெயில் மண் வீங்குவதில்லை. நீரில் உள்ளது எவ்வளவு உயர்ந்திருக்கிறதோ அவ்வளவு வீங்கும் மண் அது.

தோழியரே! நம் இல்லங்களில் மனை வாங்கும் பேச்சு எழும்போது தெருவின் அகலத்தையும் விலையையும் விசாரிக்கிறார்கள். அந்நிலம் முன்பு வயலாக இருந்ததா, குளமாக இருந்ததா, அடியில் என்ன மண் என்றும் கேட்கச் சொல்லுவோம். அடித்தளத்துக்குமுன் மண் பரிசோதனை செய்யச் சொல்லுவோம். சுவரோரம் கழிவுநீர் தேங்காமல் பார்த்துக்கொள்வோம். நீரை உறிஞ்சும் பெருமரங்களைச் சுவரை ஒட்டி நடாமல் சற்றுத் தள்ளி நடுவோம். மண்ணின் குணமறிந்து கட்டினால், அது நம் வீட்டைத் தலைமுறை தலைமுறையாகத் தாங்கும்.