மணத்தால் பேசும் சிற்பங்கள்

மருத்துவமனையில் சில நாள்கள் தங்கியவர்கள் அதன் மணத்தை எளிதில் மறப்பதில்லை. வீடு திரும்பிய பின்னும் கிருமிநாசினியின் நெடி எங்கேனும் தட்டுப்பட்டால், அந்நாள்களின் கவலை ஒரு கணம் மீண்டும் வந்து நிற்கும். இடமும் மணமும் நினைவும் இவ்வாறு பிணைந்திருப்பதைத் தம் கலைக்கு அடிப்படையாகக் கொண்டவர் சிற்பி பெனிதா பெர்சியாள். 1978-இல் திருவண்ணாமலையில் பிறந்த இவர், சென்னை அரசு கவின்கலைக் கல்லூரியில் பயின்றவர்.

2014 டிசம்பரில் தொடங்கிய கொச்சி-முசிறி ஈராண்டுக் கலைவிழாவில் இவருடைய சிற்பத் தொகுதி இடம்பெற்றது. அது வைக்கப்பட்ட 'பெப்பர் ஹவுஸ்', கடலோரத்தில் உள்ள பழைய சரக்குக் கிடங்கு. மிளகும் பிற நறுமணப் பொருள்களும் கப்பலேறிய ஊரில், குந்திரிக்கம், வெள்ளைப்போளம், கிராம்பு, இலவங்கப்பட்டை போன்றவற்றைக் கொண்டே கிறித்தவ உருவங்களை அவர் வடித்தார். பார்வையாளர் உருவத்தைக் காணும்போதே அதன் மணத்தையும் உணர்ந்தனர்.

ஓர் இடத்திற்கென்றே உருவாக்கி, அவ்விடத்தோடு சேர்த்தே பொருள் கொள்ளவேண்டிய இவ்வகைப் படைப்பை நிறுவுகலை என்பர். வேறிடத்திற்குப் பெயர்த்தால் அதன் பொருள் குறையும். எந்த இடத்திற்கு எந்தப் பொருள் பொருந்தும் என்பதில் கலைஞருக்கு வழிகாட்டுவது பெரும்பாலும் உள்ளுணர்வே. உள்ளுணர்வு என்பது குருட்டு ஊகமன்று. பல்லாண்டுப் பழக்கத்தில் கையும் கண்ணும் கற்றுக்கொண்ட அறிவு. நோயாளியின் முகத்தைப் பார்த்த அளவிலேயே மாற்றத்தை உணரும் அனுபவமிக்க செவிலியரிடம் உள்ளதும் அதுவே.

கொங்கு நாட்டவர்க்கு இது முற்றிலும் புதிதன்று. உடுமலைப்பேட்டையை அடுத்த சோமவாரப்பட்டி ஆல்கொண்டமால் கோவிலில், கால்நடைகளின் நலம் வேண்டி மண் உருவாரங்களை வைத்து வழிபடுகின்றனர். சந்தையில் இருக்கும்போது அது வெறும் மண்பொம்மை. கோவில் வளாகத்தில் வைத்தபின் அது ஒரு குடும்பத்தின் வேண்டுதல்.

மணம் ஏன் இவ்வளவு ஆழமாகப் பதிகிறது? பார்வை, ஒலி, தொடுகை ஆகியவற்றின் செய்திகள் மூளையின் நடுப்பகுதியிலுள்ள தலாமசு என்னும் நிலையத்தைக் கடந்தே மேற்செல்கின்றன. மணத்தின் செய்தியோ அவ்வழியே சுற்றாமல், உணர்ச்சியையும் நினைவையும் ஆளும் பகுதிகளை விரைவில் சென்றடைகிறது.

எனவே, நெடுநாள் படுக்கையில் இருப்பவர்க்குப் பழகிய மணம் ஆறுதல் தரக்கூடும். அதற்காகச் சாம்பிராணிப் புகை போடுதல் கூடாது. ஆஸ்துமா உள்ளோருக்கும், நுரையீரல் நோயாளிகளுக்கும், பச்சிளங்குழந்தைகளுக்கும் புகை தீங்கு செய்யும். ஆக்சிஜன் பயன்படுத்தும் அறையில் தணலோ விளக்கோ வைப்பது தீ விபத்துக்கு வழிவகுக்கும். பெனிதாவின் சிற்பங்கள் எரியாமலேயே மணந்தன என்பதை நினைவிற்கொள்வோம். வீட்டில் துவைத்த போர்வையோ, அம்மாவின் பழைய சேலையோ போதும். மருத்துவரின் ஒப்புதலோடு அதைக் கொண்டுவரலாம். புற்றுநோய் மருந்து பெறுவோர் சிலருக்கு மென்மையான மணமும் குமட்டலை உண்டாக்கும் என்பதால், முதலில் அவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

மருத்துவமனை அறையும் ஓர் இடமே. அங்கே எது பொருந்தும் என்பதை, நோயுற்றவரை நெடுங்காலம் அறிந்த உங்கள் உள்ளம் அறியும்.