தருமக் கேடயமும் இரண்டு சட்டைகளும்

இங்கிலாந்திலே உதைபந்தாட்டப் பருவம் ஓர் அறக்காரியத்துடன் தொடங்குவது நெடுநாள் வழக்கம். லீக் சாம்பியனும் எஃப்.ஏ. கிண்ணம் வென்ற கழகமும் பொருதும். வசூல் அறப்பணிகளுக்குச் செல்லும். 1908இல் தொடங்கிய இப்போட்டிக்கு, 2002இல் பெயர் மாறும்வரை, 'தருமக் கேடயம்' என்றே பெயர்.

1974 ஆகஸ்ட் 10ஆந் திகதி வெம்ப்ளி அரங்கில் தருமத்தைக் காணோம்! லிவர்பூல் அணியை, ஓய்வை அறிவித்துவிட்ட பில் ஷாங்க்லி கடைசித் தடவையாக மைதானத்துக்கு அழைத்து வந்தார். லீட்ஸ் அணிக்கோ, அதனை நெடுங்காலம் தூற்றிவந்த பிரையன் கிளஃப் புதிய முகாமையாளர். விந்தையான நியமனந்தான்.

இரண்டாம் பாதியில் லிவர்பூல் வீரர் கெவின் கீகனும் லீட்ஸ் தலைவர் பில்லி பிரெம்னரும் கைகலந்தனர். மத்தியஸ்தர் இருவரையும் வெளியேற்றினார். வெம்ப்ளியில் பிரித்தானிய வீரர் எவருக்கும் அதற்குமுன் நேராத இழுக்கு அது. போகிற போக்கில் இருவரும் சட்டைகளைக் கழற்றி வீசினர். கைகலப்பு கணநேர ஆத்திரம் எனலாம். கழகத்தின் சட்டையை எறிந்ததையே நாம் பெருங்குற்றமென்போம். ஆளுக்கு 500 பவுண் அபராதமும் 11 ஆட்டத் தடையும் விதிக்கப்பட்டன.

ஆட்டம் 1–1 எனச் சமநிலையில் முடிய, தண்ட உதைகளில் லிவர்பூல் 6–5 என வென்றது. லீட்ஸின் ஆறாவது உதையை உதைத்தவர் அதன் கோல்காப்பாளர் டேவிட் ஹார்வி. பந்து குறுக்குக் கம்பத்தில் மோதிற்று.

பிரெம்னரைப் பல ஆட்டங்களில் இழந்த லீட்ஸ், முதல் ஆறு லீக் ஆட்டங்களில் ஒன்றிலேயே வென்றது. பதவியேற்ற 44ஆம் நாள் கிளஃப் நீக்கப்பட்டார்.