தோட்டத் தொழிலாளரின் மூக்கைச் சோதிப்பது யார்?

புது தில்லி: கம்பம், போடியிலிருந்து ஜீப்புகளில் மலையேறி இடுக்கி ஏலத் தோட்டங்களுக்கு வேலைக்குச் செல்லும் தமிழர்களுக்கு ஏலக்காய் மணம் புதிதல்ல, பூச்சிமருந்து நெடியும் புதிதல்ல. பாலக்காடு மாவட்டம் முதலமடை மாந்தோப்புகளிலும் இதே நிலைதான். இவர்களில் ஒருவருக்கு மணம் தெரியாமல் போனால், சளி என்றுதான் விட்டுவிடுவர்.

மருத்துவ உலகம் அப்படி விடுவதில்லை. பார்க்கின்சன் நோயாளிகள் பலருக்கு, கை நடுங்கத் தொடங்குவதற்குப் பல ஆண்டுகள் முன்பே முகரும் திறன் குன்றுகிறது; தீராத மலச்சிக்கலும் சேர்ந்துகொள்கிறது. நோயின் தொடக்கத் தடயங்கள் மூளையின் முகர்வுப் பகுதியிலும், குடலை மூளையுடன் இணைக்கும் வேகஸ் நரம்பின் மையத்திலும் தென்படுவதாக ஜெர்மனியின் ஹெய்கோ பிராக் 2003-இல் விளக்கினார். எல்லா நோயாளிகளுக்கும் இது பொருந்துவதில்லை. ஆயினும், அயோவா, வட கரோலினா விவசாயிகளிடையே நடந்த அமெரிக்க ஆய்வில், பூச்சிமருந்து பெருமளவு மேலே பட்டவர்களிடம் முகர்வுக் குறைவு கூடுதலாகப் பதிவானது.

1958-இல் கேரளத்தில் பூச்சிமருந்து கலந்த கோதுமை மாவு நூற்றுக்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டது. அதன் பிறகே, 1968-இல் நாடாளுமன்றம் பூச்சிக்கொல்லிச் சட்டத்தை இயற்றியது. அதன்கீழ் வந்த 1971 விதிகள், பூச்சிமருந்தைக் கையாள்வோருக்கு மருத்துவப் பரிசோதனையையும், சில வகை மருந்துகளுக்கு ரத்தப் பரிசோதனையையும் வலியுறுத்தின. முகர்வுச் சோதனை பற்றிப் பேச்சே இல்லை. மாற்றுச் சட்டத்துக்கான மசோதா 2020 மார்ச்சில் மாநிலங்களவையில் அறிமுகமாகி, நிலைக்குழுவுக்கும் சென்றது.

எல்லை தாண்டி வரும் தினக்கூலியை ரத்தப் பரிசோதனைக்கு அழைத்துச் செல்வது யார் என்பது வேறு கேள்வி. முகர்வுச் சோதனைக்கோ ஆய்வகம் தேவையில்லை. கண்ணை மூடச் சொல்லி, காபித் தூளையும் கிராம்பையும் முகர வைத்தால், முதல்கட்டத்துக்கு ஆரம்ப சுகாதார நிலையச் செவிலியரே போதும்.