மலைப்பூண்டின் பெயர் யாருக்குச் சொந்தம்?

கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. மேல்மலைச் சிற்றூர்களான பூம்பாறை, மன்னவனூர் போன்றவற்றில் விளைந்து, பெரியகுளம் அருகிலுள்ள வடுகபட்டிச் சந்தைக்கு இறங்கும் பயிர் இது. பெயருக்குச் சட்டப் பாதுகாப்பு வந்துவிட்டது. பயிரிடுபவருக்கு வந்ததா என்பதே நம் கேள்வி.

1999ஆம் ஆண்டுப் புவிசார் குறியீட்டுச் சட்டத்தில், குறியீட்டின் உரிமையாளர் விண்ணப்பித்துப் பதிவுபெற்ற அமைப்பே. அப்பெயரைத் தம் சரக்கில் பயன்படுத்தும் உரிமையைப் பெற, உற்பத்தியாளர் 17ஆம் பிரிவின்கீழ் 'அங்கீகரிக்கப்பட்ட பயனாளர்' எனத் தனியே பதிவுசெய்ய வேண்டும். ஆனால் 2ஆம் பிரிவு, அப்பொருளை வாங்கி விற்கும் வணிகரையும் 'உற்பத்தியாளர்' என்ற சொல்லுக்குள் அடக்குகிறது. உழைத்தவர் பதியாதிருந்தால், பெயரின் மதிப்பு மண்டிக்காரரிடம் சேர்ந்துவிடும்.

அதேவேளை, 17ஆம் பிரிவு நிலவுடைமையை நிபந்தனையாக்கவில்லை. இது நிலமற்ற தலித் குத்தகையாளருக்குத் திறந்திருக்கும் வாசல். உழவர் சந்தை அடையாள அட்டைக்கும் பயிர்க்கடனுக்கும் நில ஆவணம் கேட்கப்படும் நிலையில், இதன் முக்கியத்துவம் பெரிது. வாய்மொழிக் குத்தகையாளர் 1969ஆம் ஆண்டுத் தமிழ்நாடு குத்தகை உரிமைப் பதிவேட்டுச் சட்டத்தின்கீழ் தம் பெயரைப் பதியவும் கோரலாம்.

1892இல் ஒதுக்கப்பட்ட பஞ்சமி நிலங்கள் பறிபோனதன் தொடர்ச்சியே, அனுப்பர்பாளையத்துப் பாத்திரப் பட்டறைகளிலும் திருப்பூர் பனியன் கம்பெனிகளிலும் நாம் காணும் நிலமற்றோரின் இடப்பெயர்வு. நில மீட்புப் போராட்டம் தொடர வேண்டும். அதுவரை, விளைச்சலின் மீதான உரிமையையேனும் பதிவேட்டில் ஏற்றுவோம்.