ஸ்டெல்லா, ஜோசஃபின்: அப்பா பேர் தெரியாத ரெண்டு சிப்பாய்கள்

(ஒலிப்பதிவிலிருந்து தொகுத்து எழுதப்பட்டது)

இன்னைக்கு எபிசோடு கொஞ்சம் சின்னது. ரெண்டு பெண்களைப் பத்திப் பேசப்போறேன். ஒருத்தர் பேரு ஸ்டெல்லா, இன்னொருத்தர் ஜோசஃபின். ரெண்டு பேருமே 1945-ல பர்மாவுல செத்துப்போனாங்க. நேதாஜியோட இந்திய தேசிய ராணுவத்துல, ஜான்சி ராணி படைப்பிரிவுச் சிப்பாய்கள்.

இதை ஏன் எடுத்தேன்னு முதல்ல சொல்லிடறேன். நான் வளர்ந்தது விருதுநகர்ல. பக்கத்துல சிவகாசி. டிசம்பர் வந்தா எங்க ஊர்ல வீட்டுக்கு நாலு ஓசி காலண்டர் வந்துடும். முருகன், மாதா, காமராஜர், அப்புறம் ராணுவ உடுப்புல நேதாஜி. தென் மாவட்டத்துல நேதாஜி படம் இல்லாத டீக்கடை ரொம்பக் கம்மி. ஆனா அவர் படையில இருந்த பெண்களை நான் எந்தக் காலண்டர்லயும் பாத்ததில்ல. கேப்டன் லட்சுமியைக்கூட காலேஜ் முடிச்ச பிறகுதான் தெரிஞ்சுக்கிட்டேன். வெக்கமாத்தான் இருக்கு.

சரி, கதைக்கு வருவோம்.

1943 ஜூலை. சிங்கப்பூர் ஜப்பான்காரங்க கையில இருக்கு. போஸ் அங்க வந்து இறங்கி, பெண்களுக்குன்னு தனிப்படை வேணும்னு அறிவிக்கிறார். மெட்ராஸ் மருத்துவக் கல்லூரியில படிச்சு, சிங்கப்பூர்ல டாக்டரா இருந்த லட்சுமி சுவாமிநாதன் பொறுப்பு எடுத்துக்கிறார். ஜூலை 12-ம் தேதி புடவை கட்டின இருபது பெண்கள் கையில துப்பாக்கியோட போஸுக்கு மரியாதை அணிவகுப்பு கொடுத்தாங்க. அக்டோபர்ல பயிற்சி முகாம் திறந்தாச்சு.

சேர்ந்தவங்க யாரு? நிறையப் பேர் மலாயா ரப்பர் தோட்டத்துத் தமிழ்ப் பொண்ணுங்க. வயசு பதினாறு, பதினேழு, இருபது. இவங்க அப்பா அம்மாவோ, தாத்தா பாட்டியோ நாகப்பட்டினத்துல கப்பல் ஏறி, கங்காணி பின்னால பினாங்கு போனவங்க. இந்தப் பொண்ணுங்கள்ல பாதிப் பேர் இந்தியாவையே பாத்ததில்ல. பாக்காத நாட்டுக்காகத் துப்பாக்கி தூக்கினாங்க. மொத்தம் எத்தனை பேருன்னா, ஆயிரம்னு ஒரு கணக்கு, அதுல பாதிதான்னு இன்னொரு கணக்கு. இந்த எண்ணிக்கைச் சண்டையை இதோட விட்டுடறேன்.

மதம்னு பாத்தா எல்லாரும் கலந்துதான் இருந்தாங்க. ஈப்போவுல இருந்து பதினாறு வயசுல சேர்ந்த ராசம்மா, ஒரு கிறிஸ்தவக் குடும்பத்துப் பொண்ணு. பின்னாடி மலேசியாவுல பெரிய கல்வியாளரா, பெண்ணுரிமைக்காரரா ராசம்மா பூபாலன்னு பேர் வாங்கினவர். கோலாலம்பூர் ஜானகி தேவர் அந்தப் படையோட முக்கிய அதிகாரியா ஆகி, பின்னாடி இந்திய அரசோட பத்மஸ்ரீ வாங்கினார். ஸ்டெல்லா, ஜோசஃபின் ரெண்டும்கூட கிறிஸ்தவ வீட்டுப் பேருங்கதான், சொல்லவே வேண்டாம்.

படை பர்மாவுக்குப் போச்சு. எந்த வழியா? சயாம்-பர்மா ரயில் பாதை வழியா. மரண ரயில்னு சொல்லுவோமே, அதே 415 கிலோமீட்டர். அந்தத் தண்டவாளத்தைப் போட ஜப்பான்காரங்க பிடிச்சிட்டுப் போன தோட்டத் தமிழர்கள் பல்லாயிரம் பேர் காலராவுலயும் பசியிலயும் செத்திருந்தாங்க. அதே தோட்டத்துப் பொண்ணுங்க, அதே பாதையில, ரயில்ல. இதை முதல் தடவை படிச்சப்போ புத்தகத்தை மூடி வச்சிட்டேன்.

மேமியோங்கிற மலை ஊர்ல முகாம். 1944-ல இம்பால் போர் தோத்துப்போச்சு. பெண்களை முன்வரிசைக்கு அனுப்பவே இல்ல. காயம்பட்டு வந்த சிப்பாய்களைப் பாத்துக்கிட்டது இவங்கதான். 1945-ல பிரிட்டிஷ் படை ரங்கூனை நெருங்குது. பெண்களைத் திருப்பி அனுப்பிடணும்னு முடிவாச்சு. சண்டை முடிஞ்சிடுச்சு, இனி வீட்டுக்குப் போறோம்னு ரயில் ஏறின ஒரு கூட்டம். வழியில கெரில்லாக்கள் ரயிலைத் தாக்கினாங்க. ஸ்டெல்லாவும் ஜோசஃபினும் அங்கேயே போயிட்டாங்க.

போர்ல சாகல. போரை விட்டு வீட்டுக்கு வர்ற வழியில செத்தாங்க.

நான் படிச்ச இடத்துல எல்லாம் இவங்களுக்குக் கிடைச்சது ஒரு வரி, ரெண்டு வரி. ஒத்தைப் பேர் மட்டும். அப்பா பேர் இல்ல, எந்தத் தோட்டம்னு இல்ல. ஏன் இப்படி? இதைத்தான் இன்னைக்கு விளக்கணும்னு நினைச்சேன்.

ஒரு சிப்பாயோட பேர் எப்படித் தங்குது? நம்ம சாஃப்ட்வேர் பாஷையில சொன்னா, ஒரு டேட்டாபேஸ் வேணும், அதை மெயின்டெயின் பண்ண ஒரு ஆபீஸ் வேணும். எதிர்ப்பக்கத்தைப் பாருங்க. பிரிட்டிஷ் பக்கம் செத்த ஒவ்வொருத்தருக்கும் நம்பர், ரெஜிமென்ட், வீட்டார் பேர் எல்லாம் ரெஜிஸ்தர்ல இருந்துச்சு. காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம் அதை வச்சு, அதிகாரி சிப்பாய்னு வித்தியாசம் பாக்காம, ஆளுக்கொரு கல் இல்லன்னா சுவர்ல ஒரு பேர்னு கொடுத்தாங்க. ரங்கூன் பக்கத்துல டவுக்யான் கல்லறையில, உடல் கிடைக்காதவங்க பேர் மட்டுமே கிட்டத்தட்ட 27,000 செதுக்கியிருக்கு. அதுல நம்ம ஆளுங்க ஏராளம். தாய்லாந்துல காஞ்சனபுரியில, மரண ரயில்ல செத்த நேச நாட்டுக் கைதிகளுக்குக் கிட்டத்தட்ட 7,000 கல்லறைங்க, புல் வெட்டி, பூச்செடி வச்சு இருக்கு. அதே ரயில்ல செத்த தமிழ்க் கூலிகளுக்கு அந்த மாதிரிக் கல் கிடையாது. அவங்க எந்த ரெஜிமென்ட் ரெஜிஸ்தர்லயும் இல்ல.

ஜான்சி ராணிப் படைக்கு நடந்தது வேற மாதிரி. அவங்களுக்கு ஒரு அரசு இருந்துச்சு. 1943 அக்டோபர் 21-ல போஸ் அறிவிச்ச ஆசாத் ஹிந்த் அரசு. ரெண்டு வருஷம்கூட முழுசா நிக்கல. ஆகஸ்ட் 1945-ல போஸும் போயிட்டார், அரசும் போச்சு. ரெஜிஸ்தரைப் பாதுகாக்க ஆபீஸே இல்ல. ஜெயிச்ச பிரிட்டிஷ்காரங்களுக்கு இவங்க துரோகிங்க. சிங்கப்பூர் கடற்கரையில ஐ.என்.ஏ-வுல செத்தவங்களுக்காக போஸ் அடிக்கல் நாட்டின நினைவுத்தூணை, மவுண்ட்பேட்டன் உத்தரவுல செப்டம்பர் 1945-லயே உடைச்சுத் தள்ளிட்டாங்க. சுதந்திர இந்தியாவும் ஐ.என்.ஏ ஆளுங்களை ராணுவத்துல திரும்பச் சேத்துக்கல. அதே இடத்துல சிங்கப்பூர் அரசு ஒரு அடையாளப் பலகை வச்சது 1995-ல. அம்பது வருஷம் கழிச்சு.

தப்பிச்சு வந்த தோழிகள் ஞாபகம் வச்சு, வயசான காலத்துல பேட்டி எடுக்க வந்தவங்ககிட்ட சொன்னதாலதான் இந்த ரெண்டு பேராவது இருக்கு. அவ்வளவுதான் பேக்கப்பு.

இதைப் படிக்கும்போது எனக்கு ஊர் ஞாபகம் வந்துட்டே இருந்துச்சு. பட்டாசு ஆலை வெடிச்ச மறுநாள் பேப்பர்ல பேரெல்லாம் வரும். பேர், வயசு, இன்னார் மனைவி, எந்த ஊர். நிவாரணம் கொடுக்கணுமே, அதனால தாலுகா ஆபீஸ்லயும் பேர் இருக்கும். ஆனா ஒரு வருஷம் போனா எண்ணிக்கை மட்டும்தான் மிஞ்சும். 2012 செப்டம்பர் 5, முதலிப்பட்டி. கிட்டத்தட்ட நாப்பது பேர். நான் அப்போ ஸ்கூல் பையன். அந்தப் புகை இன்னும் ஞாபகம் இருக்கு. அதுல ஒருத்தர் பேரைச் சொல்லுன்னு கேட்டா, எனக்குத் தெரியாது. லிஸ்ட் எங்க இருக்குன்னு தெரிஞ்சும், ஒரு தடவைகூட எடுத்துப் பாத்ததில்ல.

போன நவம்பர்ல ஊருக்குப் போயிருந்தேன். கூடப் படிச்ச ஃப்ரெண்டு வீடு, கத்தோலிக்கக் குடும்பம். கல்லறைத் திருநாளுக்கு அம்மாச்சி ஒரு தாள்ல அவங்க வீட்டுல இறந்தவங்க பேரையெல்லாம் எழுதிட்டு இருந்தாங்க, பூசையில வேண்டிக்கிறதுக்கு. நான் சும்மா இந்தக் கதையைச் சொன்னேன். கேட்டுட்டு, "அந்தப் பிள்ளைகளுக்கு யாரும் பூசை வச்சிருக்க மாட்டாகளேய்யா"ன்னாங்க.

அப்புறம் பேனாவை எடுத்து, "அப்பன் பேரு என்ன?"ன்னு கேட்டாங்க. தெரியாது அம்மாச்சின்னேன். "ஊரு?" மலாயான்னேன்.

தாளோட கடைசியில ஸ்டெல்லா, ஜோசஃபின், மலாயான்னு எழுதி, மடிச்சுக் கவர்ல போட்டு, என்கிட்டயே கொடுத்து கோயில்ல போட்டுட்டு வரச் சொன்னாங்க.