தொழிலே தானமாகும் விதம்

கையில் ரொக்கம் மிகுதியில்லாத சிறு ஸ்தாபனமும் ஊருக்கு உதவ வழியுண்டு. தன் தொழிலையே அளிக்கலாம். அமெரிக்காவின் தென் கரோலினா மாநிலத்தில் ரிக்ஸ் பார்ட்னர்ஸ் என்னும் சிறு விளம்பர நிலையத்தார் 1998-ஆம் ஆண்டில் ‘கிரியேட்டத்தான்’ என்ற முயற்சியைத் தொடங்கினர். 24 மணி நேரம் இடைவிடாது உழைத்து, தர்ம ஸ்தாபனங்களுக்கு வேண்டிய விளம்பர வேலைகளைக் கூலியின்றி முடித்துத் தருவதே அதன் முறை. பின்னர்ப் பிற ஊர் நிலையங்களும் இதனைக் கைக்கொண்டன.

காலத்திற்கு வரம்பு இருப்பதால் கொடுப்போரின் தொழில் நலிவதில்லை. பெறுவோருக்கும் வேலை அரைகுறையாக நிற்பதில்லை. எனினும், இவ்விதம் அளிக்கப்படும் இணையதளம் தறியிலிருந்து அறுத்தெடுத்த துணி போன்றதன்று. தொடர்ந்து நீர் பாய்ச்ச வேண்டிய பயிர். அதனைப் பேணும் முறையையும் கற்பித்தாலன்றி உதவி பூர்த்தியாகாது.

சமூகத்தின்பால் அக்கறை என்பதைச் சர்வதேசக் கூட்டுறவுக் கூட்டணி 1995-இல் ஏழாவது கோட்பாடாக ஏற்றது. ஆகவே, அங்கத்தினர்களே, ஆண்டில் ஒரு நாள் நம் கைத்திறனை ஊருக்கு அளிக்கலாகாதா?