வீட்டுப் பட்டறையில் கணினி றூட்டர் செய்யலாமா?



வீட்டை விட்டு ஓட நேர்ந்த குடும்பம் எதைக் கொண்டு போகிறது? அடையாள அட்டை, பிள்ளைகளின் பாடப் புத்தகங்கள், இரண்டு பாத்திரங்கள், ஒரு துணிப்பை. மரக்கறிப் பாத்தியையும் மாட்டுக் கொட்டிலையும் தூக்கிக்கொண்டு போக முடியாது. 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்தபோது இதைக் கண்டோம். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மலைநாட்டை அலைக்கழித்தபோதும் கண்டோம். நிலம் போனாலும் கையோடு வருவது ஒன்றுதான். அது கற்ற தொழில்.

அதனால்தான் தோட்டப்புற இளைஞர் சிலர் கேட்ட கேள்வியை இந்த இதழில் எடுத்துக்கொள்கிறோம். "கணினி சொல்லுகிறபடி மரம் செதுக்கும் இயந்திரத்தை நாமே செய்யலாமா?" என்பது அவர்களது கேள்வி. செய்யலாம். ஆனால் எதற்காகச் செய்கிறோம், யாருடைய பணத்தில் செய்கிறோம் என்ற இரண்டையும் முதலில் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும்.

மலைக்குப் புதிதல்ல

இங்கே பலருக்கு இயந்திரம் என்றால் வெளியிலிருந்து லொறியில் வருவது என்ற எண்ணம் இருக்கிறது. நமது தேயிலையின் கதையோ வேறு. ஜேம்ஸ் டெயிலர் என்ற ஸ்கொட்லாந்துக்காரர் 1867இல் லூல்கந்துரை தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். பறித்த கொழுந்தை அவரது பங்களா விறாந்தையில் மேசைமேல் பரப்பி, மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை அழுத்தி உருட்டினார்கள். பின்பு மண் அடுப்பில் கரி நெருப்பு மூட்டி அதை வாட்டினார்கள். 1872இல் அவர் இலை உருட்டும் இயந்திரம் ஒன்றைத் தாமே அமைத்தார். மறு வருடம் 23 றாத்தல் தேயிலை லண்டனுக்குப் போனது. இலங்கையின் இத்தனை பெரிய தொழில் ஒரு விறாந்தையிலேதான் தொடங்கியது. அங்கே உழைத்த கைகள் நம் முன்னோரின் கைகள்.

இது என்ன இயந்திரம்?

றூட்டர் என்பது தச்சர்கள் கையில் பிடித்துப் பலகையில் பள்ளம் எடுக்கவும் ஓரம் வளைக்கவும் பயன்படுத்தும் மின்கருவி. அதை ஒரு சட்டத்தில் பொருத்தி, இடம் வலம், முன் பின், மேல் கீழ் என மூன்று வழிகளிலும் மோட்டர்களால் நகர்த்தி, அந்த மோட்டர்களுக்குக் கணினி மூலம் கட்டளை கொடுத்தால் அது கணினி றூட்டர் ஆகிறது. சீ.என்.சி. றூட்டர் என்று சொல்வதும் இதைத்தான்.

இந்த முறை அமெரிக்காவில் பிறந்தது. ஹெலிகொப்டர் இறக்கைகளைப் பிழையின்றிச் செய்ய வழி தேடிய ஜோன் பார்சன்ஸ் என்பவரின் யோசனையிலிருந்து வளர்ந்து, 1952இல் மசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கல்லூரியில் முதல் இயந்திரம் காட்டப்பட்டது. பல வருடங்கள் பெரிய தொழிற்சாலைகளுக்கே அது எட்டியது. பின்பு வீட்டில் ஒட்டுப்பலகைப் படகு செய்துகொண்டிருந்த டெட் ஹால் என்ற பேராசிரியர், சிறு பட்டறைக்காரரும் வாங்கக்கூடிய றூட்டரை உருவாக்கி 1996இல் விற்கத் தொடங்கினார். 2009இல் நோர்வேக்காரர் ஒருவர் எழுதிய 'கிரிபிள்' என்ற கட்டுப்பாட்டு மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. உள்ளங்கையளவான ஆர்டுயினோ பலகையில் அது இயங்குகிறது.

கிராமத்துக்கு இது பொருந்துமா என்று ஐயப்படுவோர் இந்தியாவில் பூனா மாவட்டத்துப் பாபல் கிராமத்தைப் பார்க்கலாம். கலாநிதி கல்பாக் 1983இல் அங்கே விஞ்ஞான் ஆசிரமத்தைத் தொடங்கினார். பள்ளிப் படிப்பை இடையில் விட்ட பிள்ளைகள் வெல்டிங், விவசாயம், கட்டட வேலை எனச் செய்து செய்தே கற்றார்கள். கணினி இயந்திரங்கள் கொண்ட 'ஃபாப் லாப்' பட்டறை 2002இல் அங்கே அமைந்தது. கைவேலை பழகிய இடத்துக்கு இயந்திரம் பின்னால் வந்தது என்பதைக் கவனியுங்கள்.

என்னென்ன வேண்டும்?

முதலாவது, சட்டம். இரண்டாவது, நகரும் பாகங்கள் வழுக்கிச் செல்லும் தண்டவாளமும் பெயாரிங்குகளும். மூன்றாவது, திருகுக் கம்பிகளும் அவற்றைச் சுழற்றும் ஸ்டெப்பர் மோட்டர்களும். நான்காவது, மோட்டர்களுக்கு மின்சாரம் பகிரும் ட்ரைவர்களும் கட்டுப்பாட்டுப் பலகையும். ஐந்தாவது, வெட்டும் றூட்டர். பழைய கணினி ஒன்றும் தேவைப்படும்.

ஸ்டெப்பர் மோட்டர் சாதாரண மோட்டரைப் போல ஓடாது. படி படியாகத் திரும்பும். ஒரு சுற்றுக்கு 200 படிகள். திருகுக் கம்பி ஒரு சுற்றுக்கு 5 மில்லிமீற்றர் நகர்த்துமானால், ஒரு படிக்கு 0.025 மில்லிமீற்றர். அது தலைமயிரின் தடிப்பிலும் குறைவு. கணினி அனுப்பும் கட்டளையும் எளியதே. "ஜி1 எக்ஸ்100 எஃப்600" என்றால், நிமிடத்துக்கு 600 மில்லிமீற்றர் வேகத்தில் 100 என்ற குறிக்கு வெட்டிக்கொண்டு போ என்று பொருள். படத்தை வரைந்தால் இந்தக் கட்டளைகளை மென்பொருளே எழுதித் தரும்.

நாம் செய்த பிழைகள்

நாம் செய்த முதல் இயந்திரத்தில் ஒரு வட்டம் வெட்டினோம். வந்தது முட்டை. மோட்டரிலும் மென்பொருளிலும் பிழை தேடி ஒரு கிழமை போயிற்று. கடைசியில் பார்த்தால் குறுக்குச் சட்டம் நேர்கோணத்தில் நிற்கவில்லை. அதைக் காட்டித் தந்தது தச்சரின் பழைய கணக்கு: ஒரு பக்கம் 300, அடுத்த பக்கம் 400 மில்லிமீற்றர் அளந்தால், குறுக்கே 500 வர வேண்டும். கட்டளை எவ்வளவு நுட்பமாக இருந்தாலும், கோணல் சட்டம் கோணலாகவே வெட்டும்.

இரண்டாவது பிழை, சட்டத்துக்கு எம்.டி.எஃப். பலகை போட்டது. உலர்ந்த ஊரில் அது நிற்கும். ஹட்டன் பக்கத்துத் தென்மேற்குப் பருவ மழையிலும் மூடுபனியிலும் ஓரங்கள் ஊதிவிட்டன. மலைநாட்டில் சட்டத்துக்கு இரும்புப் பொக்ஸ் பாரோ அலுமினியமோதான் நல்லது. தோட்டத் தொழிற்சாலையில் பிட்டராக வேலை செய்து ஓய்வு பெற்ற ஒருவர் ஊரில் இருந்தால் அவரைக் கூப்பிடுங்கள். மட்டம் பார்ப்பதும் பெயாரிங் பொருத்துவதும் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. கணினி தெரிந்த பிள்ளையும் அனுபவப்பட்ட பிட்டரும் சேர்ந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி.

கவனம்

700 வாற்று றூட்டர் 230 வோல்ற்றில் மூன்று அம்பியருக்குச் சற்றுக் கூடுதலாக எடுக்கும். அது பெரிய சுமை அல்ல. ஆனாலும் பழைய லயத்து வயரிங்கை மின்னியலாளர் ஒருவரிடம் காட்டாமல் இணைக்க வேண்டாம். ஏர்த் கம்பியும் ட்ரிப் சுவிட்சும் கட்டாயம். கைக்கெட்டும் தூரத்தில் அவசர நிறுத்தப் பொத்தான் இருக்க வேண்டும். இயந்திரம் ஓடும்போது விட்டுவிட்டுத் தேநீர் குடிக்கப் போகக்கூடாது. கண்ணாடியும் முகமூடியும் அணியுங்கள். தாவணி, நீண்ட கை, அவிழ்ந்த கூந்தல் ஆகியவை ஆபத்து. மரத்தூள் நுரையீரலைக் கெடுக்கும். ஆகவே பிள்ளைகள் உறங்கும் காம்பராவில் இதை வைக்கக்கூடாது. சுவருக்கு அப்பால் அயல் வீட்டார் இருக்கிறார்கள் என்பதையும் மறவாதிருப்போம். தனிக் கொட்டில் வேண்டும், பகல் வேளை வேண்டும். வேலை நடுவில் கரண்ட் போனால் இயந்திரம் தன் இடத்தை மறந்துவிடும். தொடக்கப் புள்ளியைப் பலகையில் முன்பே குறித்து வையுங்கள்.

எதற்காகச் செய்கிறோம்?

ஒரேயொரு பெட்டி வேண்டுமானால் கைவாளே போதும். ஒரே அளவில் பல துண்டுகள் வேண்டும்போதுதான் இந்த இயந்திரம் தன் கூலியைத் தரும். கோவில், ஆலயம், கடை ஆகியவற்றின் பெயர்ப்பலகை, தேனீப் பெட்டிச் சட்டங்கள், நாற்று நடச் சம இடைவெளியில் துளையிட்ட பலகை, முன்பள்ளிப் பிள்ளைகள் கையால் தடவிப் படிக்கும் மர எழுத்துகள் என்பன சில. வெட்டலகு உருண்டையானபடியால் உள்மூலைகளைக் கூராக வெட்டாது. நம் தமிழ் எழுத்தின் வளைவுகளுக்கோ அது நன்றாகவே இசைகிறது.

கடன் வாங்க வேண்டாம்

கோபுரம் கட்ட எண்ணுகிறவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்குப் பார்ப்பான் என்று ஆண்டவர் சொன்ன உவமையை நினைவுகூருவோம். மோட்டரும் ட்ரைவரும் இறக்குமதிப் பொருட்கள். 2022இல் ரூபாய் விழுந்த பின் அவற்றின் விலை நமக்கு எப்படி ஏறியது என்பதைச் சொல்லத் தேவையில்லை. வீட்டை இழந்த குடும்பம் நுண்கடன் எடுத்து இயந்திரம் செய்தால், ஓடர் வருமுன் தவணை வந்து வாசலில் நிற்கும். ஆகவே படிப்படியாகப் போவோம். முதலில் கை றூட்டரில் தச்சுவேலை பழகுங்கள். தொழிற்பயிற்சி அதிகாரசபையின் பயிற்சி கிடைத்தால் தேசிய தொழில் தகைமைச் சான்றிதழையும் பெறுங்கள். அது எந்த ஊருக்கும் உங்களோடு வரும். இதற்கிடையில் இலவச மென்பொருளில் படம் வரையப் பழகலாம். கையால் செய்த வேலைக்கு ஓடர் வரத் தொடங்கி, கை எட்டாமல் போகும் நாளில், நான்கைந்து குடும்பங்கள் சேர்ந்து ஓர் இயந்திரம் செய்யுங்கள். தனியாள் சொத்தாக வேண்டாம், சங்கத்தின் சொத்தாக இருக்கட்டும்.

மறுபடியும் ஒருநாள் மழை பெய்து, மலை அசைந்து, எல்லாரும் இறங்கி ஓட நேரிடலாம். அப்போது இயந்திரத்தை விட்டுவிட்டு ஓடுங்கள். மூலைமட்டம் பிடிக்கத் தெரிந்த கை இருந்தால், போன இடத்தில் இன்னொன்று செய்துகொள்ளலாம்.